'சம்பந்தா சம்பந்தம் இல்லாமல்' என்பதில் சம்பந்தம் ஏன் இரண்டு முறை வருகிறது?

கேள்வி இதுதான்: "'சம்பந்தா சம்பந்தம் இல்லாமல் பேசாதே' என்கிறோம். சம்பந்தம் இல்லாமல் என்று ஒரு முறை சொன்னால் போதாதா? இது வெறும் அழுத்தமா? எழுத்தில் பயன்படுத்தலாமா? இதற்கு இணையான தமிழ்ச் சொல் எது?"

அழுத்தத்துக்காக இரட்டித்த சொல் இல்லை இது. சம்பந்தம், அசம்பந்தம் என்ற இரண்டு எதிர்ச்சொற்கள் சேர்ந்து ஒன்றானது. சம்பந்த + அசம்பந்தம் = சம்பந்தாசம்பந்தம். முதல் சொல்லின் கடைசி அகரமும் அடுத்த சொல்லின் முதல் அகரமும் கூடி ஆகாரமாக நீண்டுவிட்டன. வடமொழியில் இதைத் தீர்க்க சந்தி என்பார்கள். பேசும்போது நடுவில் சற்று நிறுத்திச் சொல்வதால் 'சம்பந்தா' ஒரு துண்டாகவும் 'சம்பந்தம்' இன்னொரு துண்டாகவும் காதில் விழுகின்றன. இடையில் கரைந்துபோன 'அ' கேட்பதே இல்லை. அதனால்தான் ஒரே சொல்லை இரண்டு தடவை சொல்வதாகத் தோன்றுகிறது.

தமிழில் ஒரு சொல்லை உண்மையாகவே எதிரொலிக்க வேண்டுமென்றால் நாம் செய்வது வேறு. புலிகிலி, காசுகீசு என்பதுபோல 'சம்பந்தம் கிம்பந்தம் எல்லாம் எனக்குத் தெரியாது' என்போம். அடுக்க வேண்டுமென்றால் 'போ போ' என்று அப்படியே அடுக்குவோம். நடுவில் நெடிலாக்கிச் சொல்லும் பழக்கம் நமக்குக் கிடையாது. ஆனால் வடமொழியிலிருந்து வந்த சொற்களில் இந்த அச்சில் வார்த்தவை நிறைய உண்டு. சராசரம் என்றால் அசைவதும் அசையாததும்: சரம், அசரம். தர்மாதர்மம், நியாயாநியாயம், பலாபலம் எல்லாம் இதே குடும்பம். 'காலாகாலத்தில் சாப்பிடு' என்று வீட்டில் சொல்கிறார்களே, அந்தக் காலாகாலமும் காலம், அகாலம் இரண்டும் சேர்ந்ததுதான். தமிழ்ப் பேச்சுக்கு வந்தபின் அதில் அகாலம் என்ற பாதி தேய்ந்து, 'உரிய நேரத்தில்' என்ற பொருள் மட்டும் தங்கிவிட்டது. சொற்கள் ஊர் மாறினால் இப்படித்தான்.

இப்போது பொருளுக்கு வருவோம். சம்பந்தாசம்பந்தம் இல்லாமல் பேசுவது என்றால், எது சம்பந்தமுள்ளது, எது சம்பந்தமில்லாதது என்ற பகுப்பே இல்லாமல் பேசுவது. 'நல்லது கெட்டது தெரியாமல்' என்கிறோமே, அதன் அமைப்பும் இதுதான். அங்கேயும் ஒருவருக்கு நல்லது மட்டும் தெரியவில்லை என்பது பொருளல்ல. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை என்பதுதான் பொருள். 'வகைதொகை இல்லாமல்' என்பதும் ஏறக்குறைய இதே இடத்தில் நிற்கும் சொல். ஆகவே 'சம்பந்தமில்லாமல்' என்பதோடு ஒரு சம்பந்தத்தைக் கூட்டினால் வருவது அழுத்தம் மட்டும் இல்லை. குறை சொல்லும் இடமே மாறிவிடுகிறது.

எப்படி மாறுகிறது என்று பார்க்க ஒரு சின்னச் சோதனை போதும். 'கோழி கூவுவதற்கும் சூரியன் உதிப்பதற்கும் சம்பந்தம் இல்லை' என்று தாராளமாகச் சொல்லலாம். 'கோழியும் சூரியனும் சம்பந்தாசம்பந்தம் இல்லாதவை' என்று சொல்லிப் பாருங்கள். காதில் இடிக்கிறது. ஏனென்றால் இந்தச் சொல் பொருள்களைப் பற்றிப் பேசுவதில்லை. ஆளைப் பற்றிப் பேசுகிறது. பகுத்துப் பார்த்திருக்க வேண்டியவர் பார்க்கவில்லை என்று குற்றம் சாட்டுகிறது. பட்ஜெட் விவாதத்தில் எழுந்து நின்று பக்கத்து ஊர்க் கல்யாணத்தைப் பேசுபவர், வீட்டு வாடகை பற்றிக் கேட்டால் தன் தாத்தாவின் நிலபுலத்தைச் சொல்பவர், சம்பளப் பாக்கியைக் கேட்ட ஊழியரிடம் 'நீ போன வருடம் எத்தனை நாள் லீவு போட்டாய்' என்று திருப்புபவர்: இவர்களுக்குத்தான் இந்தச் சொல் பொருந்தும்.

இன்னொரு பக்கமிருந்தும் சோதிக்கலாம். காய்ச்சல் ஏறிப் படுத்திருக்கும் பாட்டி, இறந்துபோன தம்பியைக் கூப்பிட்டுச் சோறு போடச் சொல்கிறார். 'பாட்டி உளறுறாங்க', 'பினாத்துறாங்க', 'சம்பந்தமில்லாமப் பேசறாங்க' என்று சொல்வோம். 'சம்பந்தாசம்பந்தமில்லாமப் பேசறாங்க' என்று அந்த நேரத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அது கொடுமையாக இருக்கும். பிரித்தறிய முடியாத நிலையில் இருப்பவரிடம் ஏன் பிரித்தறியவில்லை என்று கேட்பது போல. (இடையில் ஒன்று: நன்றாக இருந்த பெரியவர் திடீரென்று தொடர்பில்லாமல் பேசத் தொடங்கினால் 'வயசாச்சு' என்று விட்டுவிடாதீர்கள். சர்க்கரை அளவு மிகக் குறைந்தாலும், பக்கவாதம் வந்தாலும், உடம்பில் கிருமித் தொற்று இருந்தாலும் அது முதல் அறிகுறியாக வரலாம். உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.)

இந்தச் சொல்லுக்கு ஒரு விசித்திரமும் உண்டு. எதிர்மறையைத் தவிர வேறு எங்கும் வராது. 'அவர் மிகவும் சம்பந்தாசம்பந்தத்தோடு பேசினார்' என்று ஒருவரைப் பாராட்ட முடியாது. 'சம்பந்தாசம்பந்தமான பதில்' என்றும் இல்லை. இல்லாமல், இல்லாத, இன்றி என்ற மூன்றில் ஒன்று பின்னால் வந்தே தீர வேண்டும். ஈவிரக்கம் என்ற சொல்லும் இப்படித்தான். 'ஈவிரக்கம் இல்லாமல்' அடித்தான் என்போமே தவிர, ஈவிரக்கத்தோடு அணைத்தான் என்று எழுதுவது அபூர்வம். இப்படி ஒரே தொடருக்குள் உறைந்துபோன சொற்களின் உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பேசுபவர்கள் காலப்போக்கில் மறந்துவிடுகிறார்கள். மறந்தாலும் பயன்பாடு பிசகுவதில்லை என்பதுதான் ஆச்சரியம். அந்த 'அ'வைக் கேட்டே அறியாதவர்களும் இதை ஆளுக்குத்தான் சொல்கிறார்கள், கோழிக்கும் சூரியனுக்கும் சொல்வதில்லை.

'அசம்பந்தம்' தனியாக என்ன ஆனது? தமிழில் அது கிட்டத்தட்ட வழக்கொழிந்துவிட்டது. ஆனால் மலையாளத்தில் இன்றும் அன்றாடச் சொல். ஒருவர் சொன்னதை அபத்தம், பிதற்றல் என்று தள்ள 'அசம்பந்தம்' என்பார்கள். தெலுங்கிலும் கன்னடத்திலும் இதன் உடன்பிறப்பான 'அசம்பத்தம்' புழங்குகிறது. நம்மிடம் மட்டும் அது சம்பந்தாசம்பந்தத்துக்குள் பாதியாக ஒடுங்கிக் கிடக்கிறது. சிலர் 'அசம்பாவிதம்' என்பதை இதற்குச் சொந்தம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது வேறு. சம்பாவிதம் என்றால் நடக்கக்கூடியது; அசம்பாவிதம் என்றால் வடமொழியில் நடக்க முடியாதது. நம் செய்தித்தாள்களில் 'அசம்பாவிதம் ஏதும் நடக்காமல் இருக்க போலீசார் குவிக்கப்பட்டனர்' என்று வரும்போது, நடக்கக் கூடாதது என்று பொருள் நகர்ந்துவிட்டது.

இந்தச் சொல்லின் பழைய வரலாற்றில் எனக்குப் பிடித்த பகுதி ஒன்று இருக்கிறது. மனுஸ்மிருதியின் 12ஆம் அத்தியாயம் வாயால் செய்யும் பாவங்கள் நான்கு என்று சொல்லும்: கடுமையாகப் பேசுவது, பொய், கோள், நான்காவதாக 'அசம்பத்த பிரலாபம்', அதாவது ஒன்றோடொன்று கட்டுப்படாத வீண்பேச்சு. தமிழில் மணிமேகலை பௌத்தர்களின் பத்துத் தீவினைகளைச் சொல்லும்போது, சொல்லில் தோன்றுபவை என்று நான்கைத் தருகிறது: பொய், குறளை (கோள்), கடுஞ்சொல், பயனில் சொல். குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகரும் இந்த நான்கையே வரிசைப்படுத்துகிறார். மற்ற மூன்றும் அங்கேயும் இங்கேயும் அப்படியே இருக்க, நான்காவது மட்டும் வேறாக நிற்கிறது. வடமொழி நூல் பேச்சின் கட்டைப் பார்க்கிறது: சொன்னது ஒன்றோடொன்று சேர்ந்திருக்கிறதா? தமிழ் பேச்சின் விளைவைப் பார்க்கிறது: சொன்னதால் யாருக்காவது ஏதாவது பயன் உண்டா?

இரண்டும் ஒன்று இல்லை. நாலு பேர் உட்கார்ந்து ஒருவருடைய குடும்ப விவகாரத்தை ஆதியோடந்தமாக, ஒரு கண்ணி விடாமல் அலசலாம். கோவை பிசகாத பேச்சு, காசுக்குப் பெறாது. மறுபுறம், வீட்டில் அரசியல் வாக்குவாதம் உச்சத்தில் இருக்கும்போது சமையலறையிலிருந்து ஒரு குரல் 'அடுப்பில் பால் பொங்குது' என்கிறது. நடந்துகொண்டிருந்த பேச்சோடு அதற்கு ஒரு சம்பந்தமும் இல்லை. அந்த அரை மணி நேரத்தில் பேசியவற்றிலேயே பயனுள்ள வாக்கியம் அது ஒன்றுதான். திருவள்ளுவர் 'பயனில சொல்லாமை' என்று ஓர் அதிகாரமே வைத்து, பயனில்லாத பேச்சைக் கொண்டாடுபவனை மனிதன் என்று சொல்லாதே, மக்களுள் பதர் என்று சொல் என்றார். தொடர்பில்லாமல் பேசுபவனை அவர் அப்படித் திட்டவில்லை. இது எனக்கு நியாயமாகவே படுகிறது.

அதற்காகத் தமிழ் இலக்கணம் தொடர்பை விட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம். 'செப்பும் வினாவும் வழாஅல் ஓம்பல்' என்கிறது தொல்காப்பியம். கேட்கும் கேள்வியும் சொல்லும் விடையும் பிசகக் கூடாது. இதற்கு உரைமரபில் வழங்கும் எடுத்துக்காட்டுகள் சுவையானவை. 'தில்லைக்கு வழி யாது?' என்று ஒருவர் கேட்கிறார். 'சிவப்புக் காளை முப்பது பணம்' என்று பதில் வருகிறது. சந்தைக்குப் போகும் வழியில் மாட்டு வியாபாரி ஒருவரை நிறுத்தி வழி கேட்டிருப்பார் போல. இது விடை வழு, அதாவது விடையில் நேரும் பிழை. தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூலில் இது 'கண்ணன் எங்கே இருக்கிறார்?' 'கண்ணாடி பைக்குள் இருக்கிறது' என்று நவீனமாகிவிட்டது. வினாவிலும் வழு உண்டு: ஒரே ஒரு விரலைக் காட்டி, இது சிறியதா பெரியதா என்று கேட்பது. ஒப்பிட இன்னொன்று இல்லாமல் அந்தக் கேள்விக்கே பிடிமானம் இல்லை.

ஆனால் இலக்கணக்காரர்கள் இங்கே ஒரு நுட்பம் செய்தார்கள். மேற்பார்வைக்குச் சம்பந்தமில்லாததாகத் தெரியும் எல்லா விடையும் வழு இல்லை என்றார்கள். 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நன்னூல் விடையை எட்டு வகையாகப் பிரிக்கிறது. சுட்டு, மறை, நேர் என்ற முதல் மூன்றும் முகத்துக்கு நேரான பதில்கள். மிச்சம் ஐந்தும் சுற்றி வருபவை. 'விளையாட வருகிறாயா?' என்று கேட்டால் 'கால் வலிக்கிறது' என்பது உற்றது உரைத்தல். 'கால் வலிக்கும்' என்பது உறுவது கூறல். 'நீயே போய் ஆடு' என்பது ஏவல். 'வராமல் இருப்பேனா?' என்பது வினா எதிர் வினாதல். 'கதை எழுதத் தெரியுமா?' என்பதற்குக் 'கட்டுரை எழுதத் தெரியும்' என்பது இனமொழி. கேட்ட சொல் பதிலில் இல்லை, ஆமாம் இல்லை என்பதும் இல்லை. ஆனாலும் இந்த ஐந்தும் கேட்ட பொருளுக்கு விடையாக உடன்படும் என்று நன்னூல் ஏற்றுக்கொள்கிறது. கால்வலி என்பதற்கும் விளையாட்டுக்கும் நடுவில் உள்ள பாலத்தைக் கேட்பவர் தானே போட்டுக்கொள்கிறார்.

இதனால்தான் ஒருவரைப் பார்த்து 'சம்பந்தாசம்பந்தமில்லாமல் பேசுகிறாய்' என்று சொல்வதற்கு முன் ஒரு நொடி பொறுக்க வேண்டியிருக்கிறது. அவர் தில்லைக்கு வழி கேட்டவரிடம் காளை விலை சொல்கிறாரா, இல்லை நாம் பாலத்தைக் கவனிக்கவில்லையா? கணவன் மனைவி சண்டையில் பாதி இந்த இடத்தில்தான் நடக்கிறது. 'இப்ப ஏன் அத இழுக்கற' என்று ஒருவருக்குச் சம்பந்தமில்லாததாகப் படுவது, இன்னொருவருக்கு அதே கதையின் முதல் அத்தியாயம்.

உண்மையிலேயே விலகிப் போவதற்கு நன்னூலில் வேறொரு பெயர் உண்டு. நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களில் 'மற்றொன்று விரித்தல்' என்று ஒன்று. எடுத்துக்கொண்ட பொருளை விட்டு, இடையில் வந்த இன்னொன்றைப் பெருக்கிக்கொண்டு போவது. மேடைப் பேச்சாளர்களும், என்னைப் போல விரிவாகப் பதில் எழுதுபவர்களும் அடிக்கடி வழுக்கும் இடம் அது. சம்பந்தாசம்பந்தம் இல்லாமல் பேசுபவருக்கும் இவருக்கும் வித்தியாசம் இருக்கிறது. மற்றொன்றை விரிப்பவர் சம்பந்தமுள்ள ஒரு நூலைப் பிடித்துக்கொண்டுதான் போகிறார். திரும்பி வரத்தான் மறந்துவிடுகிறார்.

இதற்கு நேர் எதிரான நோயும் உண்டு: இல்லாத தொடர்பை இருப்பதாகக் கட்டுவது. அதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையும் இந்த வகைதான். வடமொழியில் காகதாலீய நியாயம் என்று இதற்கு நியாய வாக்கியமே இருக்கிறது. காக்கை உட்கார்ந்ததும் பழம் விழுந்ததும் ஒரே நேரத்தில் நடந்தன என்பது உண்மை. நேரத்தில் தொடர்பு, காரணத்தில் தொடர்பில்லை. வேண்டுதலுக்குப் பிறகு பரீட்சையில் தேறியது முதல், இந்தச் சட்டை போட்டால் மேட்ச் ஜெயிக்கும் என்பது வரை இந்தக் காக்கை எல்லா இடத்திலும் உட்கார்ந்திருக்கிறது.

'அப்துல் காதருக்கும் அமாவாசைக்கும் என்ன சம்பந்தம்?' என்ற வழக்கை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். தொடர்பில்லாத இரண்டுக்கு இதைவிடப் பிரபலமான எடுத்துக்காட்டு தமிழில் கிடையாது. அமாவாசைத் தர்ப்பணம் இஸ்லாமியருக்கு இல்லை என்பது அதன் பின்னணி. ஆனால் யோசித்தால், இஸ்லாமிய மாதங்கள் நிலவை வைத்தே கணக்கிடப்படுபவை. அமாவாசை கழிந்து கண்ணுக்குத் தெரியும் முதல் பிறையில்தான் மாதம் பிறக்கிறது. ரம்ஜான் நோன்பு தொடங்குவதும் பெருநாள் வருவதும் அந்தப் பிறையைப் பார்த்து. ஊரில் அமாவாசை என்றைக்கு என்று அக்கறையாகக் கவனிப்பவர்களில் அப்துல் காதருக்கும் இடம் உண்டு. பழமொழியை யோசிக்காமல் வீசினால் அதுவே சம்பந்தாசம்பந்தம் இல்லாத பேச்சாகிவிடுகிறது.

சரி, இணையான தமிழ்ச் சொல் எது? ஒரே சொல்லைத் தேடினால் கிடைக்காது. தொடர்பின்மை ஒரே மாதிரி இருப்பதில்லை என்பதால் தமிழில் அதற்குப் பல சொற்கள். ஒன்றை எடுத்து எல்லா இடத்திலும் ஒட்டினால் பிசகும். மொழிபெயர்ப்புகளைத் திருத்தும்போது நான் அதிகம் பார்க்கும் தடுமாற்றம் இது. எல்லாவற்றுக்கும் 'தொடர்பற்ற' என்று போட்டுவிடுகிறார்கள்.

சம்பந்தம் என்பதன் வேர்ப்பொருள் சேர்த்துக் கட்டுவது. அதனால்தான் திருமணம் சம்பந்தம் ஆகிறது, பெண்ணையும் மாப்பிள்ளையையும் பெற்றவர்கள் சம்பந்திகள் ஆகிறார்கள், ஞானத்தோடு கட்டுண்டவர் ஞானசம்பந்தர் ஆகிறார். அதில் பொறுப்பும் பங்கும் சேர்ந்து வருகின்றன. 'எனக்கு அதில் சம்பந்தமில்லை' என்று ஒருவர் சொன்னால் தனக்குப் பங்கு இல்லை, பொறுப்பு இல்லை என்கிறார். தொடர்பு வேறு. தொடர் என்றால் பழந்தமிழில் சங்கிலியையும் குறிக்கும். புறநானூற்றின் 74ஆம் பாட்டில் சிறைப்பட்ட சேரன் கணைக்கால் இரும்பொறை, தன்னைத் 'தொடர்ப்படு ஞமலி', சங்கிலியில் கட்டிய நாய், போல வைத்திருந்தார்கள் என்று குமுறுகிறான். ஆகவே தொடர்பு என்பது கண்ணி கண்ணியாக ஒன்றை அடுத்து ஒன்று வருவது. கட்டுரையில் ஒரு பத்திக்கும் அடுத்த பத்திக்கும் தொடர்பில்லை என்போம். சம்பந்தமில்லை என்றால் கொஞ்சம் கூடுதலாகத் திட்டியது போல இருக்கும்.

வாதத்துக்குள் பொருந்தாத ஒன்றை 'பொருத்தமற்றது' என்பதே சரி. சொன்னது உண்மையாக இருக்கலாம், இந்தக் கேள்விக்கு ஆகாது, அவ்வளவுதான். பகுதிகள் ஒன்றுக்கொன்று இசையாமல் இருந்தால் 'இயைபில்லை'. வாக்கியங்கள் உதிர்ந்து கிடந்தால் 'கோவையாக இல்லை'. பேச்சு வழக்கில் 'கோர்வையாப் பேசு' என்பது இதுதான். உறவே வேண்டாம் என்று வெட்டிக்கொண்டால் 'ஒட்டும் இல்லை உறவும் இல்லை'. முரண் மட்டும் இந்தக் கூட்டத்தில் சேராது. பலரும் இங்கே சறுக்குகிறார்கள். 'நேற்று மதுரையில் இருந்தேன்' என்றும் 'நேற்று முழுக்கச் சென்னையை விட்டு நகரவில்லை' என்றும் ஒரே ஆள் சொன்னால் அது முன்னுக்குப் பின் முரண். இரண்டும் ஒரே விஷயத்தைப் பற்றியவை என்பதால்தான் மோதுகின்றன. மோதுவதற்குத் தொடர்பு வேண்டும்.

குற்றம் சாட்டாமல் தொடர்பின்மையைச் சொல்ல வேண்டுமா? அதற்கும் அழகான சொற்கள் இருக்கின்றன. நாரில் தொடுக்காத பூ உதிரிப் பூ. அதிலிருந்து உதிரி பாகம், உதிரித் தொழிலாளர் என்று நீண்டிருக்கிறது. உதிரிப் பூவை யாரும் குறையாக நினைப்பதில்லை. அர்ச்சனைக்கு அதுதான் வேண்டும். இலக்கியத்தில் முத்தகம் என்ற சொல் உண்டு. முன்னும் பின்னும் எதையும் சாராமல் தனியே நின்று பொருள் முடியும் செய்யுளுக்குத் தண்டியலங்காரம் தரும் பெயர் அது. அதற்கு மறுகோடியில் காப்பியம் போன்ற தொடர்நிலைச் செய்யுள் நிற்கும். புறநானூற்றின் 10ஆம் பாட்டைப் படிக்காமல் 11ஆம் பாட்டைப் படிக்கலாம், எதுவும் கெட்டுப்போகாது. அங்கே தொடர்பில்லாமை ஒரு வடிவம், ஊனம் இல்லை.

கணக்குப் பாடத்தில் இது இன்னும் கறாராகிறது. பொது உறுப்பே இல்லாத இரண்டு கணங்களைத் தமிழ்நாட்டுப் பாடநூல் வெட்டாக் கணங்கள் என்கிறது. இலங்கைப் பாடநூலில் கணத்துக்குத் 'தொடை' என்று பெயர். அங்கே இவை மூட்டற்ற தொடைகள். மூட்டு என்பது கட்டு, இணைப்பு என்பதால் 'மூட்டற்ற' எனக்குக் கூடுதலாகப் பிடிக்கும். ஆனால் நிகழ்தகவில் மாணவர்கள் தவறாமல் விழும் குழி ஒன்று இருக்கிறது. ஒன்றையொன்று விலக்கும் (அதாவது வெட்டாத) நிகழ்ச்சிகளையும் சார்பிலா நிகழ்ச்சிகளையும் 'ரெண்டும் தொடர்பில்லாததுதானே சார்' என்று ஒன்றாக்கிவிடுவார்கள். ஒரு நாணயத்தைச் சுண்டினால் பூவா தலையா? பூ விழுந்தால் தலை விழவே விழாது. ஒன்றை அறிந்தால் இன்னொன்றை நூற்றுக்கு நூறு அறிந்தாயிற்று. இதைவிட நெருக்கமான சார்பு கிடையாது. இரண்டு நாணயங்களைச் சுண்டினால் ஒன்றில் பூ விழுந்தது மற்றதைப் பற்றி எதையும் சொல்லாது, அதுதான் சார்பின்மை. அங்கே இரண்டிலும் பூ விழ 4இல் 1 வாய்ப்பு உண்டு. வெட்டாதவை சார்ந்திருக்கின்றன, சாராதவை வெட்டிக்கொள்கின்றன. 'தொடர்பற்ற' என்ற ஒரே சொல்லை இரண்டுக்கும் போட்டால் கணக்கே கவிழ்ந்துவிடும்.

சட்டத்தில் எது தொடர்புடையது என்பதுதான் சாட்சியத்தின் முதல் கேள்வி. 1872ஆம் ஆண்டு இந்திய சாட்சியச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, வேறு வகையில் தொடர்பில்லாத சங்கதிகள் எப்போது தொடர்புடையவை ஆகும் என்று சொன்னது. அதில் தந்த எடுத்துக்காட்டு: கல்கத்தாவில் ஒரு நாளில் ஒருவர் குற்றம் செய்தாரா என்பது கேள்வி. அதே நாளில் அவர் லாகூரில் இருந்தார் என்பது தொடர்புடைய சங்கதி. லாகூருக்கும் அந்தக் குற்றத்துக்கும் சம்பந்தமே இல்லை. சம்பந்தமில்லை என்பதே அங்கே சாட்சியமாக நிற்கிறது. அந்தச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதினியம் வந்துவிட்டாலும் கொள்கை மாறவில்லை.

எழுதலாமா என்றால், தாராளமாக எழுதலாம். எழுதும்போது சேர்த்து எழுதுங்கள்: சம்பந்தாசம்பந்தம். பிரித்தால் 'சம்பந்தா' என்று பொருளே இல்லாத ஒரு துண்டு தனியே நிற்கும். 'சம்மந்தம்' என்று மகரம் இரட்டிப்பது பேச்சில் இயல்பு. உரையாடலுக்குள் வைத்துக்கொள்ளலாம், மற்ற இடத்தில் ம்ப வேண்டும். கதையில், நண்பருக்கு எழுதும் கடிதத்தில், காரசாரமான விமர்சனத்தில் இது நன்றாக வேலை செய்யும். அலுவலகக் கடிதத்தில் தவிர்ப்பது நல்லது; எதிராளிக்குப் புத்தி போதாது என்று சொல்வது போல ஆகிவிடும்.

தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்படி நீங்கள் கேட்ட தகவல் ஒன்று, வந்த பதில் வேறு என்று வைத்துக்கொள்வோம். முதல் மேல்முறையீட்டுக்குப் பதில் கிடைத்த நாளிலிருந்து 30 நாள் அவகாசம் இருக்கிறது. அந்த மனுவில் 'பொதுத் தகவல் அலுவலர் சம்பந்தாசம்பந்தமில்லாமல் பதில் அளித்துள்ளார்' என்று எழுதினால் ஆத்திரம் தணியலாம், வேலை நடக்காது. 'எனது மனுவின் 2ஆம் இனத்தில் கேட்டது சாலைப் பணிக்கான செலவு விவரம். அளிக்கப்பட்ட பதில் குடிநீர் இணைப்பு பற்றியது. ஆகவே 2ஆம் இனத்துக்குப் பதில் அளிக்கப்படவில்லை' என்று எழுதுங்கள். சாலை எது, குடிநீர் எது என்று பிரித்துக் காட்டிவிட்டால், சம்பந்தமில்லை என்று நீங்கள் சொல்லவே வேண்டியதில்லை.